கெட்ஆப்ட்டில் ஒரு முக்காற்புள்ளி

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில், சி++ நிரலைப் பைத்தான் வழியே இயக்கும் பாடத்தில் கெட்ஆப்ட் வருகிறது. இது சி மொழியில் வழங்கிவந்த முறை. அங்கே கட்டளை வரியில் தரும் சொற்களை மெயின் செயற்கூறு ஆர்க்வி என்னும் அணியாகப் பெறும். அதில் கழித்தல் குறியுடன் வரும் விருப்பங்களைக் கெட்ஆப்ட் ஒவ்வொன்றாக எடுத்துத் தரும்.

மாணவர்கள் தடுமாறுவது 'ஐ:' என்பதிலுள்ள முக்காற்புள்ளியில்தான். ஐ-யைத் தொடர்ந்து ஒரு மதிப்பு கட்டாயம் வரவேண்டும் என்பது அதன் பொருள். என் வகுப்பு மாணவி ஒருத்தி, அச்சுப்பிழை போலும் என்று அதை விட்டுவிட்டாள். கெட்ஆப்ட் பிழை எதுவும் சொல்லவில்லை. கோப்பின் பெயர்தான் காலியாக வந்தது. கோப்பைக் காணோம் என்றது கம்பைலர். நாங்களோ கோப்புறையைத் துழாவிக்கொண்டிருந்தோம்!

வகுப்பில் முதலில் புள்ளியில்லாமலே இயக்கிக் காட்டுங்கள். பெயர் எங்கே போயிற்று என்று கேளுங்கள். ஆர்க்ஸ் என்னும் மீதிப் பட்டியலை அச்சிட்டால் அங்கே கிடக்கும்.