பேர் எழுதாத டேப்பும் ஊர் சொல்லும் காதும்

திருநெல்வேலிச் சீமையில் மைக்செட் கட்டிய கோயில் கொடை எதுவானாலும், ‘கொஞ்சும் சலங்கை’ படத்து ஆபேரிப் பாட்டு ஒருமுறையாவது ஒலிக்காமல் பொழுது விடியாது. 1962-இல் வந்த படம். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, எஸ்.ஜானகி குரல், அந்தக் குரலோடு சரிக்குச் சரி நிற்கும் நாதசுரம் காருகுறிச்சி அருணாசலத்துடையது. பாட்டைக் கேட்டதும் வாசித்தவர் பேரைச் சொல்லாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. ஆனால் அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு காருகுறிச்சியாரை அளப்பது, பாபநாசத்து அருவியை ஒரு சொம்பில் மொண்டு வந்து காட்டுவது மாதிரி.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே, தாமிரபரணிப் பாசனத்து வயல்களும் மண்பாண்டச் சூளைகளுமாக இருக்கிறது காருகுறிச்சி. 1921-இல் அங்கே பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராகச் சேர்ந்தார். கோவில்பட்டியில் வீடு கட்டிக் குடியேறினார். 1964-இல், 43 வயதுக்குள், போய்ச் சேர்ந்துவிட்டார். இசைத்தட்டுக்கு அவர் கொடுத்தது கொஞ்சம்தான். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம். ராகத்தைத் தொட்டுப் பார்ப்பதற்குள் ஊசி நடுவுக்கு வந்துவிடும். அவருடைய உண்மையான வாசிப்பெல்லாம் கல்யாணப் பந்தலிலும் கோயில் வாசலிலும் நடந்தது. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, சாப்பாடு முடிந்து, ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து கேட்கிற ராத்திரிக் கச்சேரிகள் அவை.

அந்தக் கச்சேரிகளில் சில நமக்கு மிஞ்சியதற்குக் காரணம், ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து வசதியுள்ள வீடுகளுக்குள் நுழைந்த ஸ்பூல் டேப்ரிக்கார்டர். 1200 அடி நாடாவை விநாடிக்கு மூன்றேமுக்கால் அங்குல வேகத்தில் ஓட்டினால் ஒரு பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பதியும். ஆலாபனை முழுசாக அடங்குகிற அளவு. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்துவிட்டு, நாடா தீரத் தீர மாற்றிக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. வானொலி நிலையங்களே நாடாவுக்குத் தட்டுப்பாடு என்று பழைய நிகழ்ச்சியை அழித்து அதன்மேல் புதியதைப் பதிந்துகொண்டிருந்த காலம் அது. திருநெல்வேலி வானொலி தொடங்கியதே 1963 டிசம்பரில்தான். காருகுறிச்சியார் அதற்குப் பிறகு ஐந்து மாதம்கூட இருக்கவில்லை.

ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து கைப்பேசிக்கு என்று இறங்கி வந்த இந்தப் பதிவுகளை இன்று யாரும் கேட்கலாம். 2021-இல் நூற்றாண்டு வந்தபோது பேச்சு இன்னும் கூடியது. எழுத்தாளர் லலிதாராம் போன்றவர்கள் காருகுறிச்சியாரின் வாழ்க்கையை ஊர் ஊராகத் தேடி எழுதினார்கள். ஆனால் இந்தக் கட்டுரை வாசித்தவரைப் பற்றியது மட்டுமல்ல. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி திடீரென்று காதில் விழுந்ததும், கேட்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றியது.

முதலில், யாரும் ‘ஆஹா’ சொல்வதில்லை. நெல்லையில் நாயனம் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு முன்னால் இப்படி ஒரு பதிவைப் போட்டுப் பாருங்கள். கரகரப்பிரியா இரண்டு நிமிஷம் நகர்வதற்குள் விசாரணை ஆரம்பித்துவிடும். “ஏ, இது எந்தூர்ல வே வாசிச்சது?” “தவில் யாரு? பெரும்பள்ளம் வெங்கடேசன்தானே?” “வெங்கடேசன் அடி இப்படி விழாது அண்ணாச்சி, இது வேற கை.” “ரெண்டு தவிலு வச்சிருக்காவ, நல்லா கேளுங்க.” பிறகு கல்யாணக் கணக்கு வரும். எந்த வீட்டுக் கல்யாணம், எந்த வருஷம், அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்ததா, மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர், பந்தலில் தூணோரம் இடம் கிடைத்ததா என்று பேச்சு ராகத்தை விட்டு எங்கேயோ போய், பல்லவி வந்ததும் சட்டென்று நின்றுவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இது ரசனைக் குறைவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டைப் பற்றி இவர்கள் சொல்லும் பாராட்டைவிட இந்த வாய்த்தகராறுதான் எனக்கு உசத்தி.

ஏனென்றால் அந்த டேப்பின் மேல் எதுவும் எழுதியிருக்காது. பதிந்தவருக்கு அது எந்த வீடு, எந்த நாள் என்று தெரியும். எழுதி வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மிஞ்சி மிஞ்சிப் போனால் உறையின்மேல் ‘காருகுறிச்சி’ என்று பென்சிலில் ஒரு வார்த்தை. நகலின் நகலாக நாலு கை மாறி வரும்போது அந்த வார்த்தையும் தப்பிப் போகும். குருவின் டேப் சீடர் பேரிலும் சீடரின் டேப் குருவின் பேரிலும் சுற்றத் தொடங்கிவிடும். ஆளைச் சரியாகச் சொல்லியிருந்தாலும், கூட வாசித்தவர்கள் காணாமல் போவார்கள். மேளம் என்பது ஒரு ஆள் சமாச்சாரம் இல்லை. துணை நாயனம், தவில், தாளம், சுருதிக்கு ஒத்து என்று ஒரு கூட்டமே உழைத்த ராத்திரி அது. வெளிவரும்போது முகப்பில் ஒரு பேர், ஒரு படம். தவில்காரர் பேரை அந்த அட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. திண்ணையில் உட்கார்ந்து ‘இது வேற கை’ என்று தகராறு பண்ணுகிற அண்ணாச்சிதான் அவரை மீட்டுக் கொடுக்க முடியும்.

இந்தக் குழப்பம் நம் ஊர்ச் சொத்து மட்டும் அல்ல. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966 மே மாதம் இங்கிலாந்தில் மின்கிட்டார் வைத்துக்கொண்டு பாட, நாட்டுப்பாடல் ரசிகர் ஒருவர் கூட்டத்திலிருந்து, துரோகி என்கிற அர்த்தத்தில், ‘யூதாஸ்’ என்று கத்தினார். அந்தக் கச்சேரியின் திருட்டுப் பதிவு உலகம் முழுக்கச் சுற்றியது, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது என்ற பேரில். நடந்தது மான்செஸ்டரில். 1998-இல் இசைத்தட்டு நிறுவனமே அதிகாரபூர்வமாக வெளியிட்டபோதும் அந்தத் தப்பான பேரை மேற்கோள் குறிக்குள் போட்டு அட்டையில் வைத்துக்கொண்டது. ரசிகர்களுக்கு அப்படிச் சொன்னால்தான் தெரியும் என்பதால். அங்கே அரங்கில் இருந்தவர்கள் பலரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்துப் புத்தகமே போட்டார்கள். கத்தியது யார் என்பதற்கே ஒன்றுக்கு மேற்பட்டவர் சொந்தம் கொண்டாடினார்கள். நம் பந்தல்களில் இருந்தவர்களை யாராவது உட்கார வைத்து இப்படிக் கேட்டால் என்ன? 1964-இல் பதினைந்து வயதுப் பையனாக நாயனத்துக்குப் பின்னால் ஓடினவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார்.

ரசிகர்களுக்குள் இன்னொரு சண்டை இரைச்சலைப் பற்றியது. பழைய பதிவை வெளியிடுமுன் ‘சுத்தம்’ செய்ய வேண்டுமா? நாடாவின் ‘உஸ்’ சத்தத்தைக் கணினி எடுத்துவிடும். கூடவே நாயனத்தின் மேல்விளிம்பையும், சீவாளியின் அந்தக் கரகரப்பையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும். தவில் ஓங்கி விழும் இடங்களில் மைக் தாங்காமல் உடைந்த ஒலியை எந்தக் கணினியும் முழுதாக ஒட்டவைக்க முடியாது. பந்தலில் குழந்தை அழுவதும், பந்தி விசாரணைக் குரலும், வேட்டுச் சத்தமும் இருக்கவே செய்யும். என்னைக் கேட்டால் அவற்றை விட்டுவிட வேண்டும் என்பேன். அந்த வாசிப்பு அத்தனை சத்தத்துக்கும் மேலே ஏறிப் போவதற்காகவே பிறந்த வாசிப்பு. சத்தத்தை எடுத்துவிட்டால் அந்த ஓங்காரம் யாருக்கு எதிராக என்று தெரியாமல் போய்விடும்.

சுத்தம் செய்தே தீரவேண்டியது வேகம். நாடா நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒரு மணி நேர வாசிப்பில் மூன்றரை நிமிஷம் காணாமல் போகும். ராஜரத்தினம் பிள்ளை திமிரி நாயனத்தை விட்டு நீளமான பாரி நாயனத்துக்கு மாறி, சுருதியைத் தாழ்த்தி, அந்த இடத்தில் கிடைத்த கனத்தையும் குழைவையும் வைத்துத்தான் பேர் வாங்கினார். சீடரும் அதே வழி. அப்படிப்பட்ட வாசிப்பை அரைக்கட்டை ஏற்றி வெளியிட்டால் கேட்கிறவன் ‘என்ன பிர்கா, என்ன வேகம்’ என்று மலைப்பான். பாராட்டு கலைஞருக்கா, பழுதான மோட்டாருக்கா? இங்கேயும் முதலில் முகம் சுளிப்பது நாயனக்காரர்கள்தான். ரெண்டு கட்டையா, ரெண்டரையா என்று காதாலேயே சொல்லி, ‘இது அவர் குழல் இல்ல, ஓட்டம் தப்பு’ என்பார்கள்.

பதிவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சீமையில் சான்று உண்டு. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து விளாத்திகுளம் சுவாமிகள். மணிக்கணக்கில், சில சமயம் ஒரே ராகத்தை, பாடியவர் என்று எழுத்தாளர் கி.ராஜநாராயணன் உட்பட அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். காருகுறிச்சியாரும் அவரிடம் பயபக்தியாக இருந்தவர். சுவாமிகளின் குரலை இசைத்தட்டில் வாங்கிக் கேட்க நமக்கு வழியில்லை. கேட்டவர்களின் வியப்பு மட்டும் எழுத்தில் நிற்கிறது. அதைப் படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. பாட்டு எங்கே ஐயா என்று கேட்கத் தோன்றுகிறது. காருகுறிச்சியார் விஷயத்தில் நேர்மாறு. பாட்டு கையில் இருக்கிறது, கேட்டவர் பேச்சுதான் காற்றோடு போகிறது.

இளையவர்கள் கேட்கிற விதம் முற்றிலும் வேறு. நாதசுரம் பயிலும் பிள்ளைகளுக்கு அது எந்த வீட்டுக் கல்யாணம் என்பதில் அக்கறை இல்லை. கைப்பேசியில் ஒரு சங்கதியைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, அந்தப் பிடி எங்கே முறிகிறது, மூச்சு எங்கே வாங்குகிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். விரல்கள் தொடையின்மேல் ஓடிக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்கு இது பிடிப்பதில்லை. “குருநாதர் முன்னால ஒக்காந்து வாங்க வேண்டியத மெஷின்ல நிறுத்தி நிறுத்தியா வாங்குவ?” என்று ஏசுவார்கள். ஏசிவிட்டு, அடுத்த நிமிஷம், “அந்த இடத்த இன்னொருக்கா போடு” என்பார்கள்.