அசலை அனுப்பிய டென்மார்க்

2010-ம் வருஷம் மே முதல் தேதியிலிருந்து அக்டோபர் 31 வரையில் ஷாங்காய் நகரில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. சிறந்த நகரம், சிறந்த வாழ்க்கை என்பது அதன் கோஷம். படங்களைத் தொங்கவிட்டுத் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது இத்தகைய கண்காட்சிகளில் தேசங்களின் வழக்கம். டென்மார்க் செய்த காரியம் வேறு.

அதன் மண்டபத்தை அமைத்தவர் ப்யார்கே இங்கெல்ஸ் என்ற கட்டிட நிபுணர். வெண்ணிற எஃகினாலான இரட்டைச் சுருள் பாதையே கட்டிடம். கோபன்ஹேகன் வாசிகள் தினந்தோறும் வேலைக்குப் போவதுபோல, வந்தவர்கள் இலவச சைக்கிளில் ஏறி அதில் ஓட்டிப் பார்க்கலாம். சீன நகரங்களில் மோட்டார்கள் பெருகி, சைக்கிள் ஒதுங்கிவந்த காலம் அது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நடுவே ஒரு நீர்நிலை. அதில் கடற்கன்னி சிலை.

நகலன்று, அசலே. ஆண்டர்ஸன் 1837-ல் வெளியிட்ட கதையை ஒட்டி எட்வர்ட் எரிக்ஸென் வடித்து, 1913-ல் கோபன்ஹேகன் துறைமுகக் கரையில் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை. உயரம் 1.25 மீட்டர்தான். 1964-லும் 1998-லும் துஷ்டர்கள் அதன் தலையை அறுத்துச் சென்றதுண்டு. ஆயினும் சிலை தேசத்தை விட்டு அகன்றதில்லை.

ஆகவே, நகல் போதாதா என்று பலர் கேட்டனர். டேனிஷ் ஜனங்கள் கட்சி எதிர்த்தது. 2009 மார்ச்சில் நகரசபை ஓட்டெடுத்து அனுமதித்தது. எதிர்த்தவர்களைக் குறுகிய புத்தியினர் என்று நாம் கூறமாட்டோம். தம் பொருளில் பற்றுள்ளவர்களே அவ்வாறு பேசுவர். ஆனால் சீனப் பிள்ளைகள் ஆண்டர்ஸன் கதையைப் பள்ளியிலேயே படிப்பவர்கள். அவர்களிடம் நகலைக் காட்டுவது விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்கு மெழுகுப் பழம் கொண்டுபோவதாகும்.

கேளாமல் எடுத்துச் செல்லப்பட்ட பிற தேசங்களின் செல்வங்கள் ஐரோப்பியக் காட்சிசாலைகளில் எத்தனையோ உள்ளன. இங்கோ, உடைய நகரமே விவாதித்து, தவணை குறித்து, இரவலாகக் கொடுத்தது. இதே டென்மார்க் 1845-ல் தரங்கம்பாடியை இங்கிலீஷ் கம்பெனியாருக்கு விற்றபோது அவ்வூர் ஜனங்களின் ஓட்டை எவரும் எடுக்கவில்லை!

சிலையற்ற கரையில் சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் ஒரு திரையை அமைத்தார். ஷாங்காயில் இருந்த கடற்கன்னி அதில் அப்போதைக்கப்போது தெரிந்தாள். 2010 நவம்பரில் அவள் தன் பாறைக்குத் திரும்பினாள். அடுத்த ஏப்ரலில் ஆய் வெய்வெய்யைச் சீன சர்க்கார் காவலில் வைத்தது.