சுவரில் கரி கிறுக்கிய பையன்!

ஓவியர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்

வெள்ளை அடித்த சுவர். அதில் ஒரு பையன் கரித்துண்டால் யானை வரைகிறான். அவனுக்கு என்ன கிடைக்கும்?

அடி கிடைக்கும்! சேத்தியாத்தோப்பிலும் கிடைக்கும். நெய்வேலியிலும் கிடைக்கும்.

ஒரு பையனுக்கு மட்டும் அடி கிடைக்கவில்லை. வாத்தியார் கிடைத்தார்!

அந்தப் பையன்தான் ராஜா ரவிவர்மா.

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணையைத் தெரியாத பிள்ளை இல்லை. சினிமா நடிகர் பெயர் கேட்டால் பத்துப் பெயர் சொல்லும். "ஓர் ஓவியர் பெயர் சொல்" என்றால் விழிக்கும். குற்றம் பிள்ளையுடையது அல்ல. யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்வது கஷ்டமா? இல்லை. அஞ்சு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கு வேண்டாம். ஓவியர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ன செய்தார் என்று தொடங்கினால் போதும். பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்து விடும்.

மாமா பார்த்தார்!

ரவிவர்மா 1848-ம் ஆண்டு கேரளத்தில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். சிறு வயதிலேயே அரண்மனைச் சுவர்களில் கரியால் படம் போட்டார். மிருகங்கள், மனிதர்கள், கண்ணில் பட்டதெல்லாம் சுவரில் ஏறின. வேலைக்காரர்கள் புகார் சொன்னார்கள் என்பார்கள்.

மாமா ராஜராஜவர்மா வந்து பார்த்தார். அவரும் படம் எழுதத் தெரிந்தவர். கோடுகளைப் பார்த்தார். மருமகனைத் திட்டவில்லை. தாமே கற்றுக் கொடுக்க ஆரம்பித்தார்!

14 வயதில் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். அங்கே ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆதரவு தந்தார்.

ராத்திரிப் பாடம்!

அப்போது எண்ணெய் வண்ணத்தில் எழுதுவது புது வித்தை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவுக்கு அது தெரியும். ஆனால் பையனுக்குச் சொல்லித் தர அவருக்கு மனம் வரவில்லை!

நாயுடுவின் சீடர் ஆறுமுகம் பிள்ளை. அவருக்குப் பையன் மேல் இரக்கம். குருவுக்குத் தெரியாமல் ராத்திரியில் வந்து வித்தையைச் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பிள்ளைகள் கதையில் இந்த இடத்தை விடவே மாட்டார்கள். "நாயுடு கண்டுபிடித்து விட்டாரா?" என்று கேட்பார்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள்!

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் சொல்லவில்லை. தாம் எழுதுவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா. 1873-ல் வியன்னா கண்காட்சியில் அவர் படத்துக்குப் பரிசு கிடைத்தது!

1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்தார். சரஸ்வதியும் லட்சுமியும் வண்ணப் படமாக அச்சாகி ஏழை வீட்டுக்கும் வந்தார்கள். அச்சகம் நஷ்டப்பட்டுக் கடனில் மூழ்கியது. விற்க வேண்டியதாயிற்று. இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லலாம். பெரியவர்களும் தோற்பார்கள் என்று தெரியட்டுமே! 1906-ல் ரவிவர்மா காலமானார்.

கோவில்பட்டிக்காரர்

நம் பக்கத்து ஓவியர் இல்லையா? இருக்கிறார். கொண்டையராஜு!

1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதினார். காடு, அரண்மனை, தர்பார் எல்லாம் திரையில் வரும். கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்தது. கொண்டையராஜு ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களே குடும்பம்.

அவர் வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டரில் அச்சாகி ஊர் ஊராகப் போனார்கள். 1976-ல் அவர் காலமானார். பழைய காலண்டர் படம் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில் கையெழுத்து இருக்கும். பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள். அதுவே ஒரு விளையாட்டு!

அண்ணாந்து பார்!

சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் சிதம்பரம். நடராஜர் கோயிலுக்குப் போகாத குடும்பம் உண்டா? சிவகாமி அம்மன் சந்நிதிக்குப் போனால் மண்டபத்தின் கூரையைப் பாருங்கள். நாயக்கர் காலத்து ஓவியங்கள்! பிட்சாடனர் வருகிறார். மோகினி வருகிறாள். மாணிக்கவாசகர் கதையும் இருக்கிறது. ரவிவர்மா பிறப்பதற்கு வெகு காலம் முன்பே எழுதியவை.

சாரம் கட்டி, கழுத்து வலிக்க, அண்ணாந்தபடியே எழுதியிருப்பார்கள். பிள்ளையும் இரண்டு நிமிஷம் அண்ணாந்து பார்க்கட்டும். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று கழுத்தே சொல்லிவிடும்! முழுவதையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். ஒரு படம், ஒரு கதை போதும்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கரித்துண்டு கேட்கும். காஸ் அடுப்பு வந்த பிறகு வீட்டில் அடுப்புக்கரி ஏது? நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அது படம் போட உதவாது! பென்சில் கொடுங்கள். போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதற்கும் அடங்காத பிள்ளையா? கொல்லைப்புறச் சுவரில் ஒரு முழத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். பொங்கலுக்கு எப்படியும் வெள்ளை அடிக்கப் போகிறீர்கள்!