திரும்பிப் பார்க்க வைக்கும் இரண்டு எலும்புகள்

யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சட்டென்று திரும்பிப் பார்க்கிறோம். கழுத்தில் ஏழு எலும்புகள் இருந்தாலும், அந்தத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி முதல் இரண்டு எலும்புகளின் வேலை. மேலே உள்ள அட்லஸ் ஒரு வளையம். கீழே உள்ள ஆக்சிஸிலிருந்து பல் போன்ற முளை ஒன்று எழுந்து அதற்குள் நிற்கிறது. திருகையில் நடுமுளையைச் சுற்றி மேற்கல் சுழலுமே, அதே ஏற்பாடு.

விபத்தில் முளை முறிந்தாலோ, முடக்குவாதத்தில் அதைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்ந்தாலோ வளையம் நழுவலாம். பின்னால் இறங்கும் தண்டுவடம் நசுங்கலாம். அப்போது இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிட வேண்டியிருக்கிறது.

1939-இல் காலி என்ற மருத்துவர் சொன்ன வழி, பின்பக்கம் ஓர் எலும்புத் துண்டை வைத்துக் கம்பியால் கட்டுவது. குனிவதையும் நிமிர்வதையும் அது ஓரளவு அடக்கியது; திருப்பத்தை அடக்கவில்லை. நடுவில் மட்டும் கட்டிய பலகை சுழலத்தானே செய்யும்? 1978-இல் புரூக்ஸும் ஜென்கின்ஸும் இரு பக்கமும் கட்டினார்கள்; பிடி இறுகியது.

பெரிய மாற்றம் மாகெர்ல் என்ற மருத்துவரின் திருகாணியால் வந்தது. அது ஆக்சிஸில் நுழைந்து, மூட்டையே துளைத்து, அட்லஸில் போய் நிற்கும். இந்த முறைகளின் உறுதியை ஒப்பிட, தானமாகக் கிடைத்த கழுத்தெலும்புகளின் அடியை இறுக்கிப் பிடித்து, அளந்த விசையில் முன்னும் பின்னும் வளைத்து, பக்கவாட்டில் சாய்த்து, முறுக்கி, அசைவை டிகிரிக் கணக்கில் குறிக்கிறார்கள் ஆய்வகங்களில். முறுக்கும் சோதனையில் கம்பிக்கட்டு திருகாணிக்கு ஈடாகவில்லை. இரு பக்கத் திருகாணிகளோடு பின்பக்கக் கம்பியும் சேர்ந்தால் மூன்று இடத்தில் பிடி. குனிவதும் நிமிர்வதும்கூட நன்றாக அடங்கும்.

ஆனால் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முள்ளெலும்புத் தமனி அந்தத் துளைக்கு அருகிலேயே வளைந்து போகிறது. சிலருக்கு அது வழக்கத்தைவிட மேலேறி இருக்கும்; அவர்களுக்கு இந்தத் திருகாணி ஆபத்து. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயலும் லஹேரியும் 1994-இல் வெளியிட்ட முறையில் ஒவ்வோர் எலும்புக்கும் தனித் திருகாணி; இரண்டையும் ஒரு தகடு இணைக்கும். 2001-இல் ஹார்ம்ஸும் மெல்சரும் தகட்டுக்குப் பதில் தண்டு வைத்தார்கள். உறுதியில் இது மாகெர்ல் முறைக்கு ஏறத்தாழச் சமம். அதே உறுதியோடு, நழுவிய எலும்பை இழுத்து நேராக்கவும் வசதி தருவதால் இதையே நான் உயர்வாகச் சொல்வேன்.

எந்த உலோகமானாலும் எலும்பு கூடும்வரைதான் தாங்கும். கூடாவிட்டால் நாளடைவில் தளரும், உடையும். இந்த அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்கள் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: தமனியின் பாதையை ஸ்கேனில் பார்த்தார்களா, எலும்புத் துண்டு எங்கிருந்து எடுப்பார்கள் என்று.