நெசவாளர் கற்ற தாவர சாஸ்திரம்

இங்கிலாந்து தேசத்தில் மான்செஸ்டர் நகருக்கு வடக்கே பிரஸ்ட்விச் என்றோர் ஊர் உண்டு. சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்ப் பக்கத்தில் ஜான் ஹார்ஸ்பீல்டு என்னும் கைத்தறி நெசவாளர் ஒருவர் வாழ்ந்து வந்தார். 1792இல் பிறந்து 1854இல் காலமான இவர், கட்டம் போட்ட பருத்தித் துணி நெய்து ஜீவனம் நடத்தியவர். பள்ளிக்கூடத்தில் இவர் பெற்ற படிப்பு மிகச் சொற்பம். ஆயினும் செடி கொடிகளைப் பற்றிய சாஸ்திரத்தைக் கற்றே தீர்வது என்ற ஆவல் இவருக்கு உண்டாயிற்று. தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்துக் காட்டிய அட்டவணையை ஒரு தாளில் எழுதினார். அதைத் தமது தறித்தூணில் ஒட்டி வைத்தார். தறியில் உட்கார்ந்தபடியே தலையை நிமிர்த்தினால் தாள் கண்ணில் படும். கால் மிதியில் இருக்கும். கை நாடாவை எறியும். மனம் வகுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும். இவ்விதமாக அவர் பாடம் கற்றார்.

அந்த 24 வகுப்புகளும் சுவீடன் தேசத்துப் பேரறிஞர் கார்ல் லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட முறையைச் சேர்ந்தவை. பூவிலுள்ள மகரந்தக் கேசரங்கள் எத்தனை, அவை தனித்தனியே நிற்கின்றனவா, ஒன்றோடொன்று கூடியுள்ளனவா என்று பார்த்து வகுப்பைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் அதன் வழி. நமது அங்கத்தினர்கள் இதை நாளைக் காலையிலேயே சோதித்துப் பார்க்கலாம். நெற்பூவை விரித்தால் கேசரங்கள் 6 இருக்கும். எள்ளுப் பூவில் 4. அவற்றுள் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. பருத்திப் பூவிலோ கேசரங்கள் எல்லாம் அடியில் ஒன்றாக இணைந்து, குழல் போல நடுத்தண்டைச் சூழ்ந்திருக்கும், செம்பருத்தியிலும் அப்படியே. எண்ணத் தெரிந்தவன் எவனும் இந்தச் சாஸ்திரத்தின் வாயிற்படியை மிதித்துவிடலாம் என்பதுதான் அம்முறையின் பெருமை. பிற்காலத்தில் தாவர விற்பன்னர்கள் இதைக் கைவிட்டு, உறவுமுறையை ஒட்டிய வேறு பகுப்புகளை மேற்கொண்டுவிட்டார்கள். எனினும் ஏழை எளியவர்களை உள்ளே அழைத்து வந்த விஷயத்தில் லின்னேயஸின் முறை செய்த உபகாரம் பெரிது.

ஹார்ஸ்பீல்டு தனியொருவரல்லர். லங்காஷயர் ஜில்லாவில் நெசவாளர், செருப்புத் தைப்போர், கிடங்குக் கூலிகள், தோட்டவேலைக்காரர் ஆகியோர் பலர் ஊருக்கு ஊர் தாவர சங்கம் அமைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். அவரவர் வயல்வரப்பிலும் ஓடைக்கரையிலும் பறித்து வந்த செடிகளை மேஜைமேல் பரப்புவார்கள். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்து அதன் லத்தீன் பெயரைச் சொல்லுவார். செடி கைக்குக் கை மாறி அனைவரையும் சுற்றி வரும். சந்தேகம் எழுந்தால் சங்கத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அக்காலத்தில் தாவர நூல்களின் விலை ஒரு நெசவாளருக்கு எட்டாத விலை. ஆகையால் ஆளுக்குச் சில காசுகள் சந்தா போட்டு நூல்களைப் பொதுவில் வாங்கினார்கள். வாங்கிய நூல் சங்கத்தின் உடைமையாயிற்று. நமது ரிஜிஸ்திரார் அலுவலகம் தோன்றுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே இவர்கள் கூட்டுறவு நடத்தினார்கள் என்றே நான் கொள்கிறேன்.

இவர்கள் கூடிய இடம் மதுக்கடை. தொழிலாளர் கூடுவதற்கு வேறு பொது இடம் அன்று கிடையாது. குடிப்பதற்குக் காசு செலவழித்தால் கடைக்காரர் அறையைக் கொடுத்துவந்தார். இந்த ஓர் அம்சத்தை மட்டும் நம்மவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை. அதனால் நேர்ந்த வேறொரு குறையும் உண்டு: மதுக்கடையில் கூடும் சங்கத்தில் ஸ்திரீகளுக்கு இடமில்லாமற் போயிற்று. பெயர் விளங்கிய இந்தத் தாவர நிபுணர்கள் ஏறக்குறைய அனைவரும் ஆடவரே. தார் சுற்றுவதிலும் பாவு புணைப்பதிலும் நாற்று நடுவதிலும் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு பெண்களுடையதாக இருக்கும் நமது சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவர்களுடைய கல்வி வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணலாகாது. மான்செஸ்டரில் கிடங்கு வேலை பார்த்த எட்வர்டு ஹாப்சன் என்பவர் பாசி வகைகளில் தேர்ந்து, 1818 முதல் பாசிகளின் தொகுதிகளை வெளியிட்டார். அவற்றின் பக்கங்களில் இருந்தவை சித்திரங்கள் அல்ல. உலர்த்தி ஒட்டிய நிஜமான பாசிகளே. ரிச்சர்டு பக்ஸ்டன் என்ற செருப்புத் தொழிலாளி, மான்செஸ்டரைச் சுற்றி 16 மைலுக்குள் விளையும் பூச்செடிகளுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதி 1849இல் அச்சிட்டார். ஹார்ஸ்பீல்டு தாமே உண்டாக்கிய நார்சிசஸ் மலர்வகை ஒன்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

ஆனால் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. இந்தச் சாஸ்திரம் அவர்களுடைய கூலியை உயர்த்தவில்லை. விசைத்தறி பெருகப் பெருகக் கைத்தறி நெசவாளரின் வருமானம் ஆண்டுக்காண்டு சரிந்தது. ஹார்ஸ்பீல்டும் கடைசிவரை வறியவராகவே இருந்தார். லத்தீன் பெயர் தெரிந்து என்ன கண்டார்கள் என்று கேட்பார் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல அதே லங்காஷயரின் மற்றோர் ஊருக்குச் செல்ல வேண்டும்.

அவ்வூர் ராச்டேல். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ந் தேதி, டோட் லேன் என்ற தெருவில், நெசவாளர் சிலரையும் உள்ளிட்ட 28 பேர் தங்கள் சிறு கடையைத் திறந்த வரலாறு கூட்டுறவாளர் யாவரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றை மட்டும் இங்கே எடுத்துரைக்கிறேன். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று அவர்கள் ஒதுக்கினார்கள். அப்பணத்தைக் கொண்டு வாசகசாலையும் நூலகமும் அமைத்தார்கள். அதோடு நில்லாமல் பூதக்கண்ணாடிக் கருவிகளாகிய மைக்ராஸ்கோப்புகளையும் வாங்கி, அங்கத்தினர்களுக்குச் சிறு வாடகைக்குக் கொடுத்தார்கள். பகலில் தறியில் உழைத்தவர் மாலையில் அக்கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஈயின் இறக்கையையோ மாவிலுள்ள கலப்படத்தையோ தம் கண்ணாலேயே பார்க்கலாம். கலப்படமற்ற மாவு விற்பதே அக்கடையின் கீர்த்திக்குக் காரணம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பிறர் சொல்லை நம்புவதற்குப் பதிலாகத் தானே பார்த்து முடிவு செய்யும் பழக்கம் ஒரு ஜனசமூகத்துக்கு ஏற்பட்டுவிட்டால், அது பூவோடு நிற்பதில்லை. தராசுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் வந்து சேருகிறது.

நம் நாட்டிலும் கூட்டுறவுச் சங்கங்களின் நிகர லாபத்தில் ஒரு பங்கு கல்விக்காக ஒதுக்கப்படுகிறது. ஆய்வுக்காகச் சங்கங்களின் பதிவேடுகளைப் புரட்டும் உத்தியோகம் என்னுடையது. அங்கத்தினர் கல்வி என்ற தலைப்பின்கீழ் நான் மிகுதியாகக் காணும் செலவுச்சீட்டுகள் பந்தல், ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை, சிற்றுண்டி ஆகியவற்றுக்கானவை. பிரசங்கம் செய்ய வருபவர் கற்றறிந்தவரே. நல்ல விஷயத்தையே சொல்லுகிறார். கேட்பவர்களும் கைதட்டுகிறார்கள். மறுநாள் சாயத்தொட்டி அருகே நிற்பவருக்கு அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

கேட்பது வேறு, கற்பது வேறு என்பதை நம் நாட்டிலேயே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1956இல் யுனெஸ்கோவின் உதவியுடன், அன்றைய பம்பாய் ராஜ்யத்தில் பூனாவைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில், ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, அரைமணி நேரம், பத்து வாரங்களுக்கு 20 நிகழ்ச்சிகள். ஒவ்வொரு மன்றத்திலும் சுமார் 20 பேர் கூடிக் கேட்டார்கள். கேட்டு முடிந்ததும் தமக்குள் விவாதித்தார்கள். எழுந்த ஐயங்களை எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பினார்கள். விடை பின்னொரு நிகழ்ச்சியில் வந்தது. மன்றம் உள்ள கிராமம், வானொலிப் பெட்டி மட்டும் உள்ள கிராமம், இரண்டும் இல்லாத கிராமம் என்று மூவகையாகப் பிரித்து ஜனங்களின் அறிவை முன்னும் பின்னும் சோதித்தபோது, மன்றம் உள்ள கிராமங்களிலேயே பெரும் வளர்ச்சி காணப்பட்டது. பெட்டி மட்டும் இருந்த இடங்களில் ஏற்பட்ட மாறுதல் சிறிதே. பெட்டி ஒன்றே; பேச்சும் ஒன்றே; சுற்றி உட்கார்ந்து வாதாடியதுதான் வித்தியாசம். 1959இல் இத்திட்டம் நாடெங்கும் விரிக்கப்பட்டது. பிறகு ஆதரிப்பாரின்றித் தேய்ந்து போனது வருந்தத்தக்கது.

வானொலியின் சக்தியைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1960களில் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்ற குறுகியகால நெல் பரவியபோது, திருச்சி வானொலி வழியாக அதைக் கேட்டறிந்த விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் சூட்டினார்கள். ஆனால் விதை என்பது விதைத்தவுடன் தன் குணத்தைத் தானே காட்டிவிடும். பக்கத்து வயலை வரப்பில் நின்று பார்த்தாலே பாதிப் பாடம் ஆகிவிடும். எல்லா அறிவும் அப்படிக் கண்முன் நிற்பதில்லை. சாயம் அத்தகையது அன்று.

சில காலத்துக்கு முன் நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், வாட் சாயமிட்ட சேலைகள் ஒரு கட்டு முழுவதும் திரும்பி வந்து கிடந்தது. ஈரக்கையால் தடவினால் நிறம் கையில் ஒட்டியது. நஷ்டம் முழுவதும் சங்கத்தின் தலையில் விழுந்தது. அவ்வாண்டு நெசவாளருக்குச் சேர வேண்டிய போனஸ் இல்லாமற் போயிற்று. நெய்தவர்கள் மீது யாதொரு குற்றமும் இல்லை. அதே சங்கத்தில் மூன்று மாதங்களுக்கு முன்புதான் நவீனச் சாயமுறைகள் பற்றித் திரைப்படத்துடன் ஒரு விரிவுரை நடந்திருந்தது.

குறை எங்கே என்று தேடியபோது அது கடைசிப் படியில் அகப்பட்டது. வாட் சாயம் இயல்பாகத் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் சேர்க்கும்போது அது ரசாயன ஒடுக்கத்துக்கு உட்பட்டு, கரையும் உருவை அடைந்து, நூலுக்குள் இறங்குகிறது. கழியை வெளியே எடுத்துக் காற்றில் உலர்த்தினால் பிராணவாயுவின் செயலால் கரையாத பழைய உருவம் மீண்டு, நூலிழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நீலச்சாயம் தொட்டியில் மஞ்சளாகவும் காற்றில் நீலமாகவும் மாறுவதை நம் முன்னோர் அறிவார்கள். உள்ளே இறங்காமல் மேற்பரப்பில் ஒட்டி நிற்கும் துகளைச் சோப்புநீரில் கொதிக்க வைத்தே நீக்க வேண்டும். விறகு விலையை எண்ணி அந்தக் கொதிப்பைச் சுருக்கிவிட்டார்கள். முப்பது ஆண்டு அனுபவமுள்ள சாயக்காரரே செய்தார். எப்படிச் செய்வது என்பது அவர் கையில் இருந்தது. ஏன் செய்வது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. விரிவுரையில் அது சொல்லப்பட்டிருக்கவும் கூடும்.

பின்னர் அங்கே ஓர் எளிய ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் வரும் நூலில் ஒரு சிறு கழியை எடுத்து, வெள்ளைத் துணித்துண்டால் உலர்ந்த நிலையில் பத்து முறையும், நனைத்த துணித்துண்டால் பத்து முறையும் தேய்ப்பார்கள். அந்த இரண்டு துண்டுகளையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் ஒட்டித் தேதி, சாய அளவு, கொதித்த நேரம் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதுவார்கள். தேய்ப்பவர் சாயக்காரர் அல்லர். நூல் வாங்க வரும் நெசவாளரில் யாரேனும் ஒருவர். நான் அடுத்த முறை சென்றபோது, தார் சுற்றும் ஓர் அம்மாள் அந்த நோட்டைப் புரட்டி, “கொதிப்பு குறைந்த நாளெல்லாம் துணி அழுக்காயிருக்கிறது, பாருங்கள் ஐயா” என்று பக்கங்களைக் காட்டினார். சாயக்காரர் முதலில் முகம் சுளித்தவர்தான். அன்றைக்கு விறகுச் செலவுக்கு நிர்வாகக் குழுவிடம் கூடுதல் தொகை கேட்க அதே நோட்டைத்தான் சாட்சியாக எடுத்துச் சென்றார்.

விவசாயச் சங்கங்களுக்கும் இத்தகைய சாதனங்கள் உண்டு. நெல்லுக்குத் தழைச்சத்து இடும் காலத்தை அறிய இலை வண்ண அட்டை என்ற ஒன்று கிடைக்கிறது. பச்சை நிறத்தின் வெவ்வேறு சாயல்களைக் கொண்ட சிறு பட்டை அது. காலை வேளையில், வெயில் நேரே படாமல் உடல் நிழலில் மறைத்து, மேலே முழுதும் விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இப்படிப் பத்துச் செடிகளைப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவை அந்த ரகத்துக்குரிய சாயலுக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம் இடுவது. பழக்கதோஷத்தால் யூரியா அள்ளி வீசிப் பூச்சியை விருந்துக்கு அழைப்பது இதனால் குறையும். அட்டையை ஒவ்வொருவரும் வாங்க வேண்டுமென்பதில்லை. சங்கத்தில் சில இருந்து, முறைவைத்து இரவல் கொடுத்தால் போதும். பார்த்த எண்ணை வயலின் பெயரோடு கரும்பலகையில் எழுதிவிட்டால், அடுத்த வயற்காரர் தாமே வந்து விவாதத்தைத் தொடங்குவார்.

இவற்றுக்காகும் செலவு ஒரு விரிவுரைக் கூட்டத்தின் பந்தல் வாடகையைத் தாண்டாது. தாண்டக்கூடியது வேறொன்று. பொருள்களை வைக்கும் அலமாரியின் சாவி காரியதரிசியின் மடியிலேயே இருக்குமானால் முயற்சி அத்துடன் முடிந்தது. வேலை ஓயும் மாலை நேரத்தில் ஒரு மணியாவது அறையைத் திறந்து வைக்கவும், இரவல் பதிவேட்டை அங்கத்தினரில் ஒருவரே எழுதவும் நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றுவது அவசியம். கல்விச் செலவில் இத்தகைய இனங்களைச் சேர்ப்பதற்கு எந்தெந்த அனுமதி தேவை என்பதைத் தங்கள் சரகக் கூட்டுறவு அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

சாயச் சோதனை நோட்டையோ இலை வண்ணப் பலகையையோ ஏற்கெனவே நடத்திவரும் சங்கங்கள், தாங்கள் கண்ட பலன்களை, பலிக்காமற் போனவற்றையும் சேர்த்து, இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால் பிற சங்கத்தார் பார்வைக்கு வரும். ஒட்டிய துணித்துண்டுகளை உறையிலிட்டு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.