சிறுதொழிலும் சட்டமும்: கணக்கு முடித்து அனுப்பும்போது

தமிழ்நாட்டில் ஒரு கடையிலோ சிறு அலுவலகத்திலோ தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41ஆம் பிரிவில், இரண்டு நிபந்தனை வைக்கிறது. நியாயமான காரணம் இருக்க வேண்டும். ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தரவும் வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தால் விவகாரம் முடிந்தது என்பது கடைத்தெரு நம்பிக்கை. காரணம் நிற்காத இடத்தில் அந்தக் கவர் காப்பாற்றாது.

முறைகேட்டுக்காக நீக்கும்போது முன்னறிவிப்பு வேண்டாம்; ஆனால் விசாரணை நடந்திருக்க வேண்டும். கல்லாவில் 4,000 ரூபாய் குறைகிறது, பில் போடுபவர்மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மெமோ. எந்தத் தேதி, எந்த பில், எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். ‘நடத்தை சரியில்லை’ என்ற மொட்டை வரி குற்றச்சாட்டு ஆகாது. பதில் எழுத அவகாசம் தந்து, பதில் திருப்தி தராவிட்டால் விசாரணைக்குப் போகலாம். பில் புத்தகமும் சாட்சிகளும் அவர் முன்னிலையிலேயே வரவேண்டும். சாட்சிகளை அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். புகார் சொன்னவரே விசாரிக்கக் கூடாது. ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் கடையில் சிக்கலே இதுதான்: திருட்டைப் பார்த்தவரும் முதலாளி, தீர்ப்புச் சொல்பவரும் முதலாளி. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை விசாரணை அதிகாரியாக அமர்த்துவது செலவுதான். வழக்கு நடத்தும் செலவோடு பார்த்தால் சொற்பம்.

இந்த அலைச்சலுக்குப் பயந்து, “நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு” என்று ராஜினாமா வாங்குபவர்கள் உண்டு. மிரட்டி வாங்கியதென்று நிரூபணமானால் அது ராஜினாமா ஆகாது, விசாரணையில்லாத பணிநீக்கம் ஆகிவிடும். நீக்கப்பட்டவர் 41ஆம் பிரிவின்படியே மேல்முறையீடு செய்யலாம். அங்கே முதலாளியின் ஞாபகத்தைவிடக் காகிதம்தான் பேசும்.

வியாபாரம் படுத்து ஆளைக் குறைப்பது வேறு வகை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் பழைய தொழில் தகராறு சட்டத்தின் விதியையே பின்பற்றுகிறது. ஓராண்டு தொடர்ந்து உழைத்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஒரே பிரிவில் பலர் இருந்தால், பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும்.

எந்த வகையில் அனுப்பினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனமாகவும் ஐந்தாண்டு சேவையாகவும் இருந்தால் பணிக்கொடை 30 நாளுக்குள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600 ரூபாய் வாங்கியவர் ஏழாண்டு எட்டு மாதம் வேலை பார்த்தார் என்றால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகி எட்டாண்டு கணக்கு. 15,600ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 600. 15 நாளுக்கு 9,000. எட்டாண்டுக்கு 72,000 ரூபாய். பி.எஃப். இணையதளத்தில் விலகிய தேதியையும் அப்போதே பதிவு செய்துவிட வேண்டும். அது விடுபட்டால் அவர் பணம் எடுப்பது இழுபடும்.