குழந்தையின் முதுகையும் ஒருமுறை பாருங்கள்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வந்த மனுக்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எட்டு மாதக் குழந்தை. ஏற்கெனவே இரண்டு முறை மூளைக்காய்ச்சல் வந்து, இரண்டு முறையும் ஊசி மருந்தில் குணமாகி வீடு திரும்பியிருந்தது. மூன்றாம் முறை சேர்த்தபோதுதான் ஒரு மருத்துவர் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார். இடுப்புக்கு நேரே, முதுகின் நடுவில், ஊசிமுனை அளவு துளை. அருகே நாலைந்து முடிகள். "பிறந்ததிலிருந்தே இருக்கிறது. மச்சம் என்று நினைத்தோம்" என்றார் தாய்.

கரு உருவான முதல் 4 வாரங்களில் தண்டுவடம் குழாய்போல் மூடிக்கொண்டு, மேல்தோலிலிருந்து பிரிய வேண்டும். ஏதாவது ஒரு புள்ளியில் பிரியாமல் நின்றுவிட்டால், தோலிலிருந்து உள்ளே மெல்லிய பாதை ஒன்று தங்கிவிடும். சில குழந்தைகளுக்கு அது தண்டுவடம் வரை போகும். தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் அந்த வழியாக நுழைகின்றன. மருந்து கிருமியைக் கொல்லும், வழியை அடைக்காது. அதனால்தான் நோய் திரும்புகிறது. தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். ஆனால் இப்படி நுழையும் கிருமிகள் பலவற்றுக்குத் தடுப்பூசி இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

நானியோ தாதியோ குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது, கழுத்திலிருந்து இடுப்பு வரை நடுமுதுகைப் பாருங்கள். துளை, முடிக்கற்றை, சிவப்புத் தழும்பு, சதைத் துணுக்கு, நீர்க் கசிவு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசனவாய்க்குச் சற்று மேலே உள்ள சிறு குழி பல குழந்தைகளுக்கு இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். துளையைக் குச்சியால் கிளறாதீர்கள். மஞ்சளோ பவுடரோ வைத்து அடைக்காதீர்கள்.

காய்ச்சலுடன் பால் குடிக்க மறுப்பு, வீறிட்ட அழுகை, உச்சிக்குழி புடைப்பு, வலிப்பு, மயக்கம் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு தெரியாமலும் போகலாம். ஓதி ஊதுவோம், துஆ செய்வோம். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழிதான்.

இரண்டாம் முறை மூளைக்காய்ச்சல் வந்தால், "ஏன் திரும்ப வந்தது?" என்று தயங்காமல் கேளுங்கள். முதுகோடு, உள்காதிலும் மண்டை ஓட்டிலும் உள்ள குறைகளையும், நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவையும் மருத்துவர்கள் தேடுவார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் பாதை தெரிந்தால், நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் அதை அகற்றுவார். தாமதித்தால் உள்ளே சீழ் கட்டலாம். கால் பலவீனமும் சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பும் வரலாம்.

முதலில் திருத்தணி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ செல்லலாம். பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தர, 2013 முதல் அரசின் சிறார் நலத் திட்டமும் உள்ளது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டையுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதவும் வழிச்செலவுக்கும் இன்ஷா அல்லாஹ் உதவுவோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்